புவெனஸ் அயர்ஸ் முதல் சாண்டியாகோ வரை: தூரம், பறக்கும் நேரம், கணக்கு – முழுமையான வழிகாட்டி

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்கு ஜூலை மாதத்தில் டிக்கெட் தேடினால் ஒரு குழப்பம் வரும். காலை 10:00 மணிக்குக் கிளம்பும் விமானம் 11:20-க்கு இறங்கும் என்று காட்டும். திரும்பும் விமானம் 10:00 மணிக்குக் கிளம்பி மதியம் 1:00 மணிக்கு வந்து சேரும். போவதற்கு 1 மணி 20 நிமிடம், வருவதற்கு 3 மணி நேரமா? அதே வழியில் ஜனவரியில் தேடிப் பாருங்கள். போக 2 மணி 20 நிமிடம், வர 2 மணி நேரம் என்று மாறியிருக்கும்.

இதில் எதுவும் தவறில்லை. இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறாதது. நேரம் அப்படியல்ல. கடிகாரம், காற்று, மலை, ஓடுபாதை எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு வழித்தடத்தை ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பழகிவிட்டால், தென் அமெரிக்காவின் எந்த இரு ஊர்களுக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம். கையில் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

படி 1: எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு?

ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். சாண்டியாகோ என்ற பெயரில் ஸ்பெயினில் ஒரு நகரம் உண்டு, கியூபாவில் உண்டு, டொமினிக்கன் குடியரசில் உண்டு. அர்ஜென்டினாவுக்குள்ளேயே சாண்டியாகோ தெல் எஸ்தெரோ என்று ஒரு நகரம் விமான நிலையத்தோடு இருக்கிறது. அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் சிலிக்குப் போக வேண்டியவர் அர்ஜென்டினாவின் வடக்கில் போய் இறங்குவார். சிலியின் சாண்டியாகோவுக்கான குறியீடு எஸ்.சி.எல். நிலையத்தின் பெயர் ஆர்துரோ மெரினோ பெனித்தெஸ்.

புவெனஸ் அயர்ஸில் இரண்டு நிலையங்கள். எசெய்சா (குறியீடு இ.இசட்.இ.) நகரத்துக்குத் தென்மேற்கே, மையத்திலிருந்து சாலை வழியில் 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஏரோபார்க்கே (ஏ.இ.பி.) நகரத்துக்குள்ளேயே, லா பிளாட்டா ஆற்றின் கரையை ஒட்டி இருக்கிறது. சாண்டியாகோவுக்கு இரண்டிலிருந்தும் விமானங்கள் உண்டு. வான்வழித் தூரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நகர மையத்தில் தங்குகிறவருக்கு ஏரோபார்க்கே கிடைத்தால் ஒரு மணி நேரம் மிச்சம். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது எசெய்சாவுக்கான டாக்ஸிச் செலவையும் சேர்த்தே பாருங்கள்.

படி 2: தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்

இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 1,140 என்றும், இன்னோரிடத்தில் 708 என்றும், வேறோரிடத்தில் 1,400 என்றும் வரும். மூன்றும் சரிதான். முதலாவது வான்வழிக் கிலோமீட்டர், இரண்டாவது அதே தூரம் மைலில், மூன்றாவது சாலை வழிக் கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள், அதில் இது சுமார் 616. எண்ணைப் பார்த்ததும் அது எந்த அளவு, எந்த வழி என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

வான்வழித் தூரத்தைப் பள்ளிக்கூடக் கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். புவெனஸ் அயர்ஸ் தெற்கு அட்சரேகை 34.60, மேற்குத் தீர்க்கரேகை 58.38. சாண்டியாகோ தெற்கு 33.45, மேற்கு 70.67. கழித்தால் அட்சரேகையில் 1.15 டிகிரி, தீர்க்கரேகையில் 12.29 டிகிரி வித்தியாசம்.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது எங்கேயும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அப்படியானால் வடக்கு தெற்காக 1.15 × 111, அதாவது 128 கிலோமீட்டர்.

தீர்க்கரேகையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பூமத்திய ரேகையில் ஒரு டிகிரி 111 கிலோமீட்டர் என்றாலும், துருவத்தை நோக்கிப் போகப் போக ரேகைகள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. ஆரஞ்சுச் சுளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் அகலம், முனையில் ஒன்றுமில்லை. எவ்வளவு சுருங்கும் என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்லும். நம் இரு நகரங்களும் 34 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. கொசைன் 34 என்பது 0.829. 111-ஐ அதால் பெருக்கினால் 92. ஆக, கிழக்கு மேற்காக 12.29 × 92, அதாவது 1,131 கிலோமீட்டர்.

இனி பிதாகரஸ் தேற்றம். 128-இன் வர்க்கம் 16,384. 1,131-இன் வர்க்கம் 12,79,161. கூட்டினால் 12,95,545. அதன் வர்க்கமூலம் 1,138. சரியான கோள வடிவக் கணக்கில் வரும் விடை சுமார் 1,140. காகிதத்தில் போட்ட கணக்குக்கு இரண்டு கிலோமீட்டர் பிசகு பெரிதில்லை.

இந்தக் குறுக்கு வழி 1,500 கிலோமீட்டர் வரைக்கும் நன்றாகவே ஒத்துவரும். அதற்கு மேல் போனால் பூமியின் வளைவு கணக்கைக் கெடுக்கும். அங்கே பெருவட்டத் தூரம் தேவை, அதைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. தட்டையான வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிவது நீண்ட பயணத்தில் குறுக்கு வழியே அல்ல. சாண்டியாகோவிலிருந்து சிட்னிக்குப் போகும் விமானம் அண்டார்டிகா பக்கமாகத் தெற்கே வளைந்து போவதற்கு அதுதான் காரணம்.

படி 3: நிலையான நேரத்தைச் சேருங்கள்

இந்த வழித்தடத்தில் பெரும்பாலும் ஏர்பஸ் 320 வகை, போயிங் 737 வகை விமானங்கள் ஓடுகின்றன. உயரத்துக்குப் போன பிறகு இவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டர். 1,140-ஐ 840-ஆல் வகுத்தால் 81 நிமிடம்.

ஆனால் எந்த விமானமும் கதவை மூடியதும் 840-இல் பறந்துவிடாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மெதுவாக ஏற வேண்டும், கடைசியில் வேகத்தைக் குறைத்து இறங்கி மறுபடி ஊர்ந்து வர வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து 35 நிமிடம் கூட்டிக்கொள்வது என் வழக்கம். 81 + 35 = 116. ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

சாண்டியாகோவில் இறங்கும்போது இந்த 35 நிமிடம் போதாமல் போகவும் கூடும். நகரத்தின் கிழக்கு விளிம்பிலேயே ஆண்டீஸ் மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. மற்ற ஊர்களில் இருநூறு கிலோமீட்டருக்கு முன்பே மெல்ல இறங்கத் தொடங்கலாம். இங்கே மலை முழுவதையும் தாண்டிய பிறகே முழுதாக இறங்க முடியும். ஓடுபாதைகளோ வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. கிழக்கிலிருந்து வரும் விமானம் பள்ளத்தாக்குக்குள் வந்து, சுற்றித் திரும்பி, பாதையின் நேருக்கு வர வேண்டும். ஜன்னலில் ஊர் தெரிந்த பிறகும் சில நிமிடம் வானத்திலேயே இருப்பது இதனால்தான்.

படி 4: காற்று

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் இரு நகரங்களும் இருக்கும் அட்சரேகையில், உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காகவே வீசுகிறது. குளிர்காலத்தில், அதாவது அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதன் வேகம் கூடும். விமானத்தின் 840 என்பது காற்றை வைத்து அளந்த வேகம். தரையை வைத்து அளந்தால் வேறு எண் வரும். அதற்குத் தரைவேகம் என்று பெயர்.

காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாண்டியாகோவை நோக்கிப் போகும்போது எதிர்க்காற்று: 840-இல் 120 போக 720. 1,140-ஐ 720-ஆல் வகுத்தால் 95 நிமிடம். நிலையான 35-ஐச் சேர்த்தால் 2 மணி 10 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது: 960. வகுத்தால் 71 நிமிடம், 35-ஐச் சேர்த்தால் 1 மணி 46 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், 24 நிமிட வித்தியாசம். அட்டவணையில் இதற்கு மேல் பத்துப் பதினைந்து நிமிடம் கையிருப்பு வைத்துப் போடுவார்கள்.

போகும்போது இழந்ததை வரும்போது முழுதாகப் பெற்றுவிடுகிறோமா? இல்லை. காற்றே இல்லாவிட்டால் போக வர பறப்பு 163 நிமிடம். காற்றோடு 166. எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், பின்காற்றில் கொஞ்ச நேரமே இருக்கிறோம். அதனால் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும்.

இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால் வரைபடத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். பாம்பாஸ் சமவெளிக்கு மேல் பறக்கும்போது கீழே பச்சையும் பழுப்புமாகச் சதுரச் சதுரமாக வயல்கள் நகரும். மேற்கே போகப் போகத் திரையில் தரைவேகம் 780, 750, 720 என்று இறங்கிக்கொண்டே வரும். இயந்திரத்தின் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது. உடம்புக்கும் எதுவும் தெரியாது. அந்த எண் ஒன்றுதான் காற்று இருக்கிறது என்று சொல்லும்.

அந்த எண் தெரியாத காலத்தில் இந்த மலை இரண்டு விமானங்களை விழுங்கியிருக்கிறது.

1947 ஆகஸ்ட் 2 அன்று, பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸின் 'ஸ்டார் டஸ்ட்' என்ற லங்காஸ்ட்ரியன் விமானம் புவெனஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோவுக்குக் கிளம்பியது. நாம் இப்போது கணக்குப் போடுகிற அதே வழி. 11 பேர் இருந்தார்கள். நான்கு நிமிடத்தில் தரையிறங்குவோம் என்ற கணக்கில் சாண்டியாகோவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். அப்புறம் அந்த விமானத்தைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. 1998-இல் துப்புங்காத்தோ மலையின் பனியாற்றில் மலையேறிகள் கண்ணில் இயந்திரத்தின் பாகங்கள் தென்பட்டன. 2000-இல் அர்ஜென்டினா ராணுவம் மேலே போய் உடைசல்களை ஆராய்ந்தது. மோதும்போது விமானம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உயரத்தில் வீசும் அதிவேகக் காற்றோட்டத்தைப் பற்றி அந்தக் காலத்தில் சரியாகத் தெரியாது. கீழே மேகம், தரை தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எதிர்க்காற்று அவர்களை மலைக்குக் கிழக்கிலேயே பிடித்து வைத்திருந்தது. சாண்டியாகோ இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

1972 அக்டோபர் 13 அன்று உருகுவே விமானப்படையின் ஃபேர்சைல்ட் விமானம் ஒரு ரக்பி அணியையும் அவர்களது உறவினர், நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு, மலைக்குக் கிழக்கே உள்ள அர்ஜென்டினா நகரமான மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோவுக்குப் போனது. மொத்தம் 45 பேர். அந்த விமானத்தால் உயரமான சிகரங்களுக்கு மேல் நேராகப் பறக்க முடியாது. அதனால் தெற்கே போய், பிளான்சோன் கணவாய் வழியாக மலையைக் கடந்து, சிலியின் குரிக்கோ நகரத்துக்கு மேலே வந்து, வடக்கே திரும்ப வேண்டும். கணவாயிலிருந்து குரிக்கோவுக்கு 11 நிமிடம் ஆகும். மூன்றே நிமிடத்தில் குரிக்கோவைக் கடந்துவிட்டோம் என்று சொல்லி வடக்கே திரும்பினார்கள். கீழே இருந்தது குரிக்கோ அல்ல, மலைத்தொடர். 72 நாள் பனியில் கிடந்து 16 பேர் பிழைத்து வந்தார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று செயற்கைக்கோள் வழிகாட்டி நொடிக்கு நொடி இடத்தைச் சொல்கிறது, விமானம் 35,000 அடிக்கு மேல், எல்லாச் சிகரத்துக்கும் வெகு உயரத்தில் பறக்கிறது. மலையைத் தாண்டும் காற்று அலை அலையாக எழும்புவதால் குலுக்கல் மட்டும் இருக்கும். மெண்டோசாவை நெருங்கும்போது சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள், சூடான காபி வேண்டாம்.

படி 5: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். அர்ஜென்டினா ஆண்டு முழுவதும் கிரீன்விச்சுக்கு 3 மணி நேரம் பின்னால். சாண்டியாகோ குளிர்காலத்தில் 4 மணி நேரம் பின்னால், கோடையில் 3 மணி நேரம் பின்னால். பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சிலியில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அரசாணைப்படி இந்தத் தேதி மாறியதும் உண்டு. 2015-இல் குளிர்கால நேரத்துக்கு மாறவே இல்லை.

அதனால் ஜூலையில் 10:00-க்குக் கிளம்பி 11:20-க்கு இறங்கினால் 1 மணி நேரம் கூட்டுங்கள்: உண்மையில் 2 மணி 20 நிமிடம். திரும்பும்போது 10:00 முதல் 1:00 வரை என்றால் 1 மணி நேரம் கழியுங்கள்: 2 மணி நேரம். ஜனவரியில் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். தொடர் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் ஏப்ரல், செப்டம்பர் முதல் வாரப் பயணங்களில் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: வாசலிலிருந்து வாசல் வரை

இரண்டு மணி நேரப் பறப்புக்கு ஒரு நாளில் எவ்வளவு ஒதுக்குவது? புவெனஸ் அயர்ஸ் மையத்திலிருந்து எசெய்சாவுக்கு 1 மணி நேரம், நெரிசலில் கூடுதல். வெளிநாட்டு விமானம் என்பதால் 2 முதல் 3 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பறப்பு 2 மணி 20 நிமிடம். சாண்டியாகோவில் குடிநுழைவும் சுங்கமும் சேர்த்து 1 மணி நேரம். நகரத்துக்குள் போக அரை மணி முதல் முக்கால் மணி. மொத்தத்தில் ஏழரை மணி நேரம் வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

சிலியின் சுங்கச் சோதனையில் வேளாண் பொருட்களைப் பற்றி மிகக் கண்டிப்பாக இருப்பார்கள். பழம், காய்கறி, இறைச்சி, விதை, தேன் எதுவாக இருந்தாலும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் பையில் ஓர் ஆப்பிள் இருந்தாலும் அபராதம். விமானத்தில் கொடுத்த பழத்தை அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

சாலை வழியாகப் போனால்?

புவெனஸ் அயர்ஸிலிருந்து 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மெண்டோசா வரை சுமார் 1,050 கிலோமீட்டர், அங்கிருந்து மலையைக் கடந்து சாண்டியாகோவுக்கு சுமார் 360. பஸ்ஸில் ஏறத்தாழ 20 முதல் 22 மணி நேரம், எல்லைச் சோதனையில் வரிசை நீண்டால் இன்னும் கூடும். நேரம் இருக்கிறவர்கள் மெண்டோசாவில் ஓர் இரவு தங்கி, மலைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடப்பதே சிறந்தது என்பேன். கிறிஸ்தோ ரெடென்டோர் சுரங்கப்பாதை ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 3 கிலோமீட்டர் நீளம், 1980-இல் திறந்தது. சிலிப் பக்கம் வந்ததும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாகக் கீழே விழுகிறது. வழியில் சாலையோரம் பழைய தண்டவாளம் தெரியும். 1910-இல் திறந்த ஆண்டீஸ் ரயில்பாதை அது. 1979-இல் பயணிகள் ரயில் நின்றுபோனது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி கொட்டினால் கணவாயை மூடிவிடுவார்கள், சில சமயம் நாள் கணக்கில். அந்த மாதங்களில் தேதி கட்டாயமான பயணத்துக்குச் சாலையை நம்ப வேண்டாம்.

இதே கணக்கு மற்ற ஊர்களுக்கு

பெருவின் லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு வான்வழி சுமார் 585 கிலோமீட்டர். 840-ஆல் வகுத்தால் 42 நிமிடம், 35-ஐச் சேர்த்தால் 77. அட்டவணையிலும் ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம்தான். சாலையில் அது 1,100 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்கு மேல். வான்தூரத்துக்கும் சாலைத் தூரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடைவெளி. புவெனஸ் அயர்ஸ் வழியில் அந்த இடைவெளி கால் பங்குதான், ஏனென்றால் பெரும்பகுதி சமவெளி. மலைநாட்டில் வரைபடத்துத் தூரத்தைப் பார்த்து பஸ் டிக்கெட் எடுக்கக் கூடாது என்பதற்கு லிமா–குஸ்கோவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிரேசிலின் சாவோ பாவுலோ–ரியோ 366 கிலோமீட்டர்: 26 + 35, சுமார் 1 மணி நேரம். இங்கே பறப்பதைவிட ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்குமே அதிக நேரம். கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து புவெனஸ் அயர்ஸுக்கு சுமார் 4,690 கிலோமீட்டர்: 5 மணி 35 நிமிடத்தோடு 35, ஆக 6 மணி 10 நிமிடம். பாதை பெரும்பாலும் வடக்கு தெற்காக இருப்பதால் மேற்குக் காற்று குறுக்கே வீசுகிறது. போக வர வித்தியாசம் அவ்வளவாக இருக்காது.

கடைசியாக, இருக்கை

புவெனஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோவுக்குப் போகிறவர்கள் வலது பக்க ஜன்னலைக் கேளுங்கள், திரும்புகிறவர்கள் இடது பக்கத்தை. பாதைக்கு வடக்கே அகோன்காகுவா நிற்கிறது. 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே உலகத்திலேயே உயரமான சிகரம். காலை விமானமாக, வானம் தெளிவாக இருந்தால் இன்னும் நல்லது. மெண்டோசாவின் திராட்சைத் தோட்டங்கள் முடிந்ததும் தரை சட்டென்று மடிந்து எழும்பும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு வெள்ளையும் செம்பழுப்பும் தவிர வேறு நிறம் இருக்காது. அந்த நேரத்தில் கைபேசியைக் கையில் தயாராக வைத்திருங்கள்.